பொத்தானை இழுத்தால் விரியும் குடை!
பழைய திறந்த காரின் கூரைக்குள்ளே இத்தனை வேலைப்பாடா?

ஐப்பசியில் முகூர்த்தம் வைப்பவர்கள் மழைக்கும் சேர்த்துத்தான் பத்திரிகை அனுப்ப வேண்டும்!

கள்ளக்குறிச்சி, கருணாபுரத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு என்று வைத்துக்கொள்வோம். முன்னால் நாதஸ்வரம். பின்னால் உறவினர் கூட்டம். நடுவிலே, பூச்சரங்களுக்கும் வண்ண விளக்குகளுக்கும் இடையே, கப்பல் போன்ற ஒரு பழைய அமெரிக்கத் திறந்த கார். 1950-களில் செய்தது. வாடகைக்கு வந்தது. பட்டு வேட்டியும் மாலையுமாக மாப்பிள்ளை அதில் உயரமாக அமர்ந்திருக்கிறார். கார் ஆள் நடக்கும் வேகத்தில் நகர்கிறது.

ஒரு மணி நேரம் ஊர்வலம் நன்றாகவே போயிற்று. அப்புறம் கல்வராயன் மலைப் பக்கம் ஒரு மின்னல். இரண்டு பெரிய துளிகள் மாப்பிள்ளையின் தோளில் விழுந்தன.

“கவலை வேண்டாம். இதில் மோட்டார் ஹூட் இருக்கிறது. பொத்தானை இழுத்தால் கூரை தானாக வந்து மூடிக்கொள்ளும்!” என்கிறார் டிரைவர். பொத்தானை இழுக்கிறார்.

“உர்ர்ர்...” என்று ஒரு முனகல். கூரை ஒரு சாண் எழுந்தது. நின்றது. முனகலும் நின்றது.

மழை மட்டும் நிற்கவில்லை!

கூரை ஏன் பாதியில் நின்றது? மோட்டார் எரிந்ததா? எண்ணெய் தீர்ந்ததா? இதற்கு விடை சொல்ல வேண்டுமானால், அந்தத் துணிக்கூரைக்குள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூண்டு வண்டியின் பேரன்

மடக்கும் கூரை நமக்குப் புதிது அல்ல. மூங்கிலை வில்லாக வளைத்து, மேலே பாய் போட்டால் கூண்டு வண்டி. அதை மடக்க முடியாது. ரிக்‌ஷாவின் கூரையோ மடங்கும். வெயில் வந்தால் இழுத்துக்கொள்ளலாம். மாலைக் காற்று வேண்டுமானால் பின்னால் தள்ளிவிடலாம். ரிக்‌ஷாவை மனிதன் கையால் இழுக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 1973-ல் ஒழித்தது. ஆனால் அந்த மடக்குக் கூரை சைக்கிள் ரிக்‌ஷாவில் பல காலம் வாழ்ந்தது.

மோட்டார் கார் பிறந்தபோது அதுவும் திறந்த வண்டிதான். மழை வந்தால் எல்லோரும் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூரையை இழுத்து மாட்ட வேண்டும். மாட்டி முடிப்பதற்குள் பாதி நனைந்திருப்பார்கள். இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் யந்திரக் கூரை பிறந்தது.

இதில் முதலில் பெயர் பெற்றவர்களில் ஒருவர் ஒரு பல் வைத்தியர் என்பது வேடிக்கையான செய்தி! பிரான்சைச் சேர்ந்த ஜார்ஜ் பாலின் என்பவர் பல் வைத்தியம் செய்துகொண்டே கார்களுக்கு வடிவமும் வரைந்தார். இரும்புக் கூரை முழுவதும் அப்படியே பின்பக்கப் பெட்டிக்குள் போய் மறைந்துகொள்ளும் ஏற்பாட்டை அவர் கண்டுபிடித்தார். பெஜோ கம்பெனி 1934-ல் அதைத் தன் காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியரை எதிர்த்து ரகசிய வேலை செய்த பாலினை, 1942-ல் அவர்கள் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய யோசனை மட்டும் சாகவில்லை. 1996-ல் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. கார், அதே வித்தையை 25 விநாடியில் செய்து காட்டியது.

துணிக்கூரைக்கு யந்திர பலம் கொடுத்துப் பெருமளவில் விற்றது அமெரிக்காவின் பிளிமத். ஆண்டு 1939. இன்ஜின் ஓடும்போது காற்றை உறிஞ்சுகிறதல்லவா? அந்த உறிஞ்சும் சக்தியைக் கொண்டே பிளிமத்தின் கூரை ஏறி இறங்கியது. இன்ஜின் ஓடாவிட்டால் கூரையும் ஓடாது. போருக்குப் பிறகு மின்சார மோட்டாரும் எண்ணெய்ப் பம்பும் சேர்ந்த ஏற்பாடு எங்கும் பரவியது.

அதற்குப் பிறகு அமெரிக்கர்களுக்கு ஆசை அடங்கவில்லை. 1951-ல் ஜெனரல் மோட்டார்ஸ் காட்சிக்காகச் செய்த ‘லெ சேபர்’ காரில், மழைத்துளி பட்டதும் கூரை தானே எழுந்து மூடிக்கொண்டது. 1957 முதல் 1959 வரை ஃபோர்டு கம்பெனி ‘ஸ்கைலைனர்’ என்ற காரை விற்றது. அதன் இரும்புக் கூரை முழுவதும் மோட்டார்களின் பலத்தில் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அதை இயக்க ஓடிய மின்கம்பியின் நீளம் மட்டும் ஏறக்குறைய 600 அடி!

நம் நாட்டில் இந்தக் கார்கள் எப்போதுமே அரிது. இங்கே உதிரிகளைப் பூட்டிக் கார் விற்றுவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும், உள்நாட்டிலேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்று அரசு வற்புறுத்திய 1950-களில் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. கார்கள் தங்கின, உதிரிகள் வருவது நின்றது. அன்று முதல் இந்தக் கார்களைக் காப்பாற்றி வருபவர்கள் நம்மூர் மெக்கானிக்குகளும், லேத் பட்டறைக்காரர்களும், குஷன் தைப்பவர்களும்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

பின் இருக்கையைக் கழற்றினால் ரகசியம் தெரிந்துவிடும். 1950-களின் நடுவிலிருந்து வந்த பல கார்களில், இருக்கைக்குப் பின்னால் ஒரு மின்சார மோட்டார் படுத்திருக்கும். அதன் ஒரு முனையில் பம்பு. அதையொட்டி ஒரு சிறிய எண்ணெய்த் தொட்டி. காரின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு சிலிண்டர். பம்பிலிருந்து சிலிண்டர்களுக்கு ரப்பர் குழாய்கள். இவ்வளவுதான்!

பொத்தானை ஒரு பக்கம் இயக்கினால் மோட்டார் வலமாகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பு எண்ணெயைச் சிலிண்டர்களின் அடிப்பக்கத்துக்குத் தள்ளும். உள்ளே இருக்கும் தண்டு மேலே வரும். தண்டு கூரையின் சட்டத்தைத் தள்ளும். கூரை எழும். பொத்தானை மறுபக்கம் இயக்கினால் மோட்டார் இடமாகச் சுற்றும். எண்ணெய் மேல்பக்கத்துக்குப் போகும். தண்டு உள்ளே இறங்கும். கூரை மடங்கும்.

கூரையின் சட்டம் குடைக்கம்பியைப் போன்றது. பல மூட்டுகள், குறுக்கே வில்கள். வில்லுக்கும் வில்லுக்கும் இடையே இத்தனை அங்குலம் என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கைக் காப்பது துணிக்கு அடியில் ஓடும் நாடாப்பட்டை. அது தளர்ந்தால் வில் நகரும். வில் நகர்ந்தால் துணி தொய்யும். தொய்ந்த இடத்தில் மழை நீர் தேங்கும்.

எண்ணெயில்தான் கண்டம்

இந்த ஏற்பாட்டில் அதிகமான கார்களைக் கெடுத்தது எது? மழையா, வெயிலா? இரண்டும் அல்ல. தவறான எண்ணெய்!

ஆரம்ப காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் ஆயிலே ஊற்றினார்கள். பிற்காலத்துக் கார்களுக்கு ஆட்டோமேடிக் கியர் பெட்டியில் ஊற்றும் எண்ணெயையோ, வேறு கனிம எண்ணெயையோ ஊற்றினார்கள். எந்தக் கம்பெனி எந்த ஆண்டில் மாறியது என்பது காருக்குக் கார் வேறுபடும். ஆகவே அந்தந்தக் காரின் கையேட்டைப் பார்க்காமல் ஒரு சொட்டுக்கூட ஊற்றக்கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் காரணம். பிரேக் ஆயிலைத் தாங்கும் ரப்பர் வேறு. கனிம எண்ணெயைத் தாங்கும் ரப்பர் வேறு. இடம் மாறினால் ரப்பர் ஊறி, உப்பி, களியாகிவிடும். முதல் வாரம் கூரை நன்றாகவே வேலை செய்யும். பிறகு ஒவ்வொரு மூட்டிலும் கசியத் தொடங்கும்.

இங்கேதான் நம்மூர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிராக்டருக்கும் ஜே.சி.பி.க்கும் ஹைட்ராலிக் குழாய் அழுத்திக் கொடுக்கும் கடைகள் நெடுஞ்சாலை ஊர்களில் நிறைய உண்டு. பழைய குழாயைக் கொடுத்தால் அதே அளவில் புதியது செய்து தருவார்கள். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் அந்தக் குழாய் பொதுவாகக் கனிம எண்ணெய்க்காகச் செய்தது. பிரேக் ஆயில் ஓடும் காரில் அதை மாட்டினால் உள்பக்க ரப்பர் கெட்டு, துகள்களாக உதிர்ந்து பம்பை அடைக்கும். “எந்த எண்ணெய்க்கு வேண்டும்?” என்று கடைக்காரர் கேட்காவிட்டாலும், வாங்குகிறவர் சொல்ல வேண்டும்.

பிரேக் ஆயிலுக்கு இன்னும் இரண்டு துர்க்குணங்கள் உண்டு. ஒன்று, அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஆண்டுக் கணக்கில் மாற்றாமல் விட்டால் சிலிண்டருக்குள்ளே துரு பிடிக்கும். மற்றொன்று, அது பெயிண்டைத் தின்னும். சொட்டிய இடத்தை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் வர்ணம் உரிந்துவிடும். போருக்குப் பிந்தைய சில ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் கூரையை மட்டுமல்ல, கதவுக் கண்ணாடிகளையும் முன் இருக்கையையும்கூட இந்த எண்ணெயே நகர்த்தியது. அவற்றில் கசிவு ஏற்பட்டால் கதவுக்குள்ளேயே சொட்டி, வெளியே தெரிவதற்குள் வேலை முடிந்துவிடும்!

இப்போது சிலிக்கோன் வகைப் பிரேக் ஆயிலும் கிடைக்கிறது. அது ஈரத்தைக் குடிக்காது, பெயிண்டையும் தின்னாது. ஆனால் பழைய எண்ணெயோடு அதைக் கலக்கக்கூடாது. முழுவதையும் வடித்து, சுத்தம் செய்து, ரப்பர்களையும் புதிதாகப் போட்ட பிறகே ஊற்ற வேண்டும்.

நாடி பிடிக்கும் முறை

நல்ல வைத்தியர் மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன் நாடியைப் பிடிப்பார். நல்ல மெக்கானிக் ஸ்பானரை எடுப்பதற்கு முன் காதைக் கொடுப்பார்.

பொத்தானை அழுத்தியும் சத்தமே இல்லையா? அப்படியானால் எண்ணெயைத் தேட வேண்டாம். மின்சாரத்தைத் தேட வேண்டும். இரவில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்திப் பாருங்கள். விளக்கு மங்கினால் மின்சாரம் மோட்டார் வரை போகிறது, மோட்டார்தான் இறுகிக் கிடக்கிறது என்று யூகிக்கலாம். விளக்கு மங்கவே இல்லையானால் வழியில் எங்கோ தடை. ஃபியூஸ், பொத்தான், ரிலே, எர்த் கம்பி என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். இவற்றில் எர்த் கம்பிதான் அதிகமாக ஏமாற்றும். துருப்பிடித்த ஒரு திருகைச் சுரண்டி இறுக்கியதும் வேலை செய்த கூரைகள் உண்டு.

1950-களின் முற்பகுதிக் கார்கள் பல 6 வோல்ட். அதே பலத்துக்கு 12 வோல்ட் காரைவிட இரட்டிப்பு மின்சாரம் ஓட வேண்டும். ஆகவே கம்பி மெலிந்தாலோ, இணைப்பில் துரு இருந்தாலோ 6 வோல்ட் காரில் கூரை மிகவும் தள்ளாடும்.

மோட்டார் ஓடுகிறது, கூரை அசையவில்லையா? இப்போது எண்ணெயைப் பார்க்கலாம். தொட்டியில் அளவு குறைந்திருக்கலாம். குழாய் கசியலாம். பம்பு தேய்ந்திருக்கலாம். தொட்டியின் அளவைப் பார்க்கும்போது கூரை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று கையேடு சொல்லும். அதை அலட்சியம் செய்யக்கூடாது. கூரை எழுந்திருக்கும்போது தண்டு வெளியே வந்திருக்கும். அதன் இடத்தை எண்ணெய் நிரப்பியிருக்கும். தொட்டியில் அளவு குறையும். கூரை மடங்கும்போது அந்த எண்ணெய் தொட்டிக்கே திரும்பும். நிலையைக் கவனிக்காமல் தளும்ப ஊற்றினால், மடக்கும்போது பொங்கி வழியும்.

புதிதாக எண்ணெய் ஊற்றினால் குழாயில் காற்று அடைத்திருக்கும். கூரையைப் பலமுறை ஏற்றி இறக்கினால் அந்தக் காற்று மெல்லத் தொட்டிக்கு வந்து வெளியேறும். நடுநடுவே அளவைப் பார்த்து ஊற்றிக்கொள்ள வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு இதைச் செய்வது நல்லது. மோட்டாருக்கும் இடையில் சற்று ஓய்வு தேவை.

கூரை கோணலாக எழுகிறதா? ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்துகிறதா? இப்போது சட்டத்தைப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. இரு சிலிண்டர்களின் தண்டுகளையும் சட்டத்திலிருந்து கழற்றிவிட்டு, இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துக் கூரையைக் கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். இலகுவாக எழுந்தால் சட்டம் குற்றமற்றது. பழுது எண்ணெய்ப் பக்கம். கையால் தூக்கவே திணறினால் எத்தனை புதுப் பம்பு மாட்டினாலும் பயனில்லை. மூட்டு இறுகியிருக்கிறது, அல்லது வில் வளைந்திருக்கிறது. பாதி ரிப்பேர் இந்தச் சோதனையிலேயே முடிந்துவிடும்.

பின் இருக்கையைத் திரும்ப மாட்டும்போது குழாய் நசுங்கிப் போவதும் உண்டு. புதிய குழாய், புதிய எண்ணெய், புதிய பம்பு எல்லாம் போட்டும் ஒரு பக்கம் அசையாதிருந்தால், முதலில் இருக்கையைத் தூக்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

சிலிண்டர் கசிந்தால் என்ன செய்வது? பல கார்களில் அதைத் திறக்க முடியாதபடி கம்பெனியிலேயே மடித்து மூடியிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து புதியது தருவிக்கலாம். கைதேர்ந்த லேத் பட்டறைக்காரர் அதை அறுத்து, மரை வெட்டி, மூடி செய்து, புது ஆயில் சீல் போட்டும் தரலாம். ஒன்று கசிந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது. குழாய்களும் அப்படியே. 60 வயதுக் குழாய்களில் ஒன்றை மட்டும் மாற்றுவது, யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதை.

கை பத்திரம்!

மடங்கும் சட்டம் ஒரு பெரிய கத்தரிக்கோல். மூட்டுகளுக்கு இடையே விரல் அகப்பட்டால் மோட்டாருக்கு இரக்கம் தெரியாது. கூரை இயங்கும்போது குழந்தைகள் காருக்குள் இருக்கக் கூடாது. பழுது பார்ப்பவர் சட்டத்துக்குள் கை விடுவதற்கு முன் பாட்டரிக் கம்பியைக் கழற்ற வேண்டும். பாதி எழுந்த கூரைக்குக் கட்டை முட்டுக் கொடுக்காமல் குழாயைக் கழற்றக் கூடாது. எண்ணெய் வெளியேறியதும் கூரை மேலே விழும்.

கார் ஓடும்போது கூரையை இயக்குவதும் தவறு. காற்று உள்ளே புகுந்து குடையைத் திருப்புவதுபோல் கூரையைத் திருப்பி, வில்லை ஒடித்துவிடும். நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, முன்பக்கக் கொக்கிகள் விடுபட்டிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பொத்தானைத் தொட வேண்டும். கூரை கடைசி வரை வந்ததும் மோட்டாரின் சத்தம் மாறும். அந்த விநாடியே கையை எடுத்துவிட வேண்டும்.

துணிக்கும் ஆயுசு உண்டு

யந்திரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மழையைத் தடுப்பது துணிதான். நல்ல கூரைத் துணி, இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் வைத்து ஒட்டியது. 1950-களில் வினைல் கூரையும் பெருகியது. நம்மூரில் சிலர் சீட்டுக்குப் போடும் ரெக்சினையே கூரைக்கும் போட்டுவிடுகிறார்கள். பார்வைக்குப் புதிதாக இருக்கும். ஆனால் சீட்டு ரெக்சின் சித்திரை வெயிலுக்காகச் செய்தது அல்ல. சுருங்கும், வெடிக்கும், சுருங்கிய கூரையை இழுத்து மாட்டும் பாரம் முழுவதும் மோட்டாரின் தலையில் விழும்.

கூரையைக் கழுவுவதற்கு மிதமான சோப்பும், மெல்லிய பிரஷும், நிறையத் தண்ணீரும் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய், பளபளப்பு எண்ணெய் எதுவும் ஆகாது. பின்பக்க ஜன்னல் பிளாஸ்டிக்காக இருந்தால் உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது. தூசு கோடு போட்டுவிடும். தண்ணீர் ஊற்றி, ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஜன்னலுக்கு ஜிப் இருந்தால், கையேடு சொல்கிறபடி அதைத் திறந்துவிட்ட பிறகே கூரையை மடக்க வேண்டும்.

ஈரமாக இருக்கும்போது மடக்கி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஷெட்டில் நிறுத்தும்போது கூரையை விரித்தே வைக்க வேண்டும். மடிந்தே கிடந்தால் மடிப்பில் துணி இற்றுவிடும். எலியும் அணிலும் உள்ளே குடித்தனம் வைத்துவிடும்! கூரை மடங்கிப் படுக்கும் பள்ளத்தில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். அவற்றில் இலையும் பூவும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கிக் காரின் தளத்தையே அரித்துவிடும். மாப்பிள்ளை அழைப்புக்குப் போய்வந்த காரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

மூட்டுகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதும் வேண்டாம். தூசு சேர்ந்து பிசினாகும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும்.

தையற்காரரின் கையில்

புதுத் துணி தைப்பது குஷன் பட்டறையின் வேலை. ஆட்டோ ரிக்‌ஷாவுக்கும், ஜீப்புக்கும் கூரை தைக்கும் கைதான் இதற்கும் வேண்டும். பொறுமை மட்டும் பத்து மடங்கு வேண்டும்.

பழைய துணியைப் பிரித்து எறியக்கூடாது. அதுதான் அளவுக்கு வழிகாட்டி. பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு மூலையையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. வில்களின் இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் பழைய துணி ஓரிடத்தில் சுருங்கியும் ஓரிடத்தில் நீண்டும் இருக்கும். அதை அப்படியே நகல் எடுத்தால் தவறும் நகலாகும். சட்டத்தின்மேல் போட்டுச் சாக்கட்டியால் குறித்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் நாடாப்பட்டை. பிறகு ஓரத்து மெத்தைகள். பிறகு பின் ஜன்னல். கடைசியில்தான் மேல் துணி. வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூலும் துருப்பிடிக்காத ஆணிகளும் வேண்டும். முடிந்ததும் கூரையை விரித்தபடியே சில நாள் வெயிலில் விட்டால் சுருக்கம் நீங்கி இறுகும்.

இந்த வேலையில் ஒரு பெரிய கஷ்டம் உண்டு. சட்டையில் தையல் தவறினால் பிரித்துத் தைக்கலாம். கூரைத் துணியிலும் நூலைப் பிரிக்கலாம். ஊசி போட்ட துளையைப் பிரிக்க முடியாது! அந்தத் துளை வழியே மழை வரும்.

கருணாபுரம் என்ற பெயரைச் சொன்னால் 2024 ஜூன் மாதம்தான் பலருக்கு நினைவு வரும். மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் கருணாபுரத்திலும் சுற்று வட்டாரத்திலும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். அந்தத் துயரத்தை மறக்கவும் கூடாது. ஓர் ஊரை அந்த ஒரு துயரத்தாலேயே அளக்கவும் கூடாது. கார் ஒரு பணக்காரருடையதாக இருக்கலாம். அதைத் தைக்கிற கை, மரை வெட்டுகிற கை, எர்த் கம்பியைக் கண்டுபிடிக்கிற கை, கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களில் பிறந்த பிள்ளைகளின் கையாக இருக்கலாம். ஓர் இளைஞன் கற்றுக்கொள்ளும் நல்ல தொழில் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்குக் கூரை.

வெட்டாதீர்கள்!

மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் சினிமாவுக்கும் திறந்த கார் தேவை என்பதால், மூடிய காரின் கூரையை அறுத்துத் திறந்த காராக்குகிறவர்களும் உண்டு. இது ஆபத்தான வேலை. அம்பாசிடர் போன்ற கார்களில் தனியாகச் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம். கூரையும் பாரம் தாங்கும். அதை அறுத்தால் நடுவில் உடம்பு தொய்யும், கதவு சாத்தாது. கம்பெனியே செய்த திறந்த கார்களில் அடியில் கூடுதல் இரும்பு கொடுத்திருப்பார்கள்.

சென்னைக்கு அருகே வண்டலூரில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குத் தனிச் சட்டம் உண்டு. அதன் கூரை போல்ட்டால் மாட்டியது. இங்கிலாந்தில் அதே ஹெரால்டு, கையால் மடக்கும் துணிக்கூரையோடும் விற்றது. ஆனால் எல்லாக் காரும் ஹெரால்டு ஆகிவிடாது!

சட்டமும் இதைத் தடுக்கிறது. பதிவில் உள்ள வண்டியின் வடிவத்தை இஷ்டம்போல் மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் கொடுப்பதில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்காலக் கார்களுக்கென்று தனி விதிகள் வகுத்தது. 50 ஆண்டு கடந்த கார்களை ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட தனி எண்ணில் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் சட்டம், உடற்கூடு, இன்ஜின் ஆகியவை பெரிய மாறுதல் இல்லாமல் இருக்க வேண்டும். கூரையை அறுத்தால் பாட்டன் சொத்தின் மதிப்பையும் சேர்த்து அறுத்ததாகும்! இந்தப் பதிவு பெற்ற காரை அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தவும் முடியாது.

பழைய கார்களை அசல் உருவத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் கோயம்புத்தூர் போகலாம். அவிநாசி ரோட்டில் உள்ள ஜீடி கார் மியூசியம், மேதை ஜி. டி. நாயுடுவின் (1893–1974) பெயரை நினைவூட்டுவது. ஒரு காருக்குப் பக்கத்தில் நின்று அதன் வளைவுகளைப் பார்த்தால், அறுக்க எடுத்த ரம்பம் தானாகக் கீழே விழும்.

மாப்பிள்ளை என்ன ஆனார்?

மழையில் விட்டுவிட்டு வந்த மாப்பிள்ளைக்கு இப்போது பதில் சொல்ல வேண்டும்.

மோட்டார் எரியவில்லை. எண்ணெய் தீரவில்லை. பழைய காரில் பாட்டரிக்கு மின்சாரம் கொடுப்பது டைனமோ. அது இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் நன்றாகக் கொடுக்கும். ஊர்வலத்தில் ஒரு மணி நேரம் கார் ஊர்ந்தது. ஹெட்லைட் எரிந்தது, அத்தனை வண்ண விளக்குகளும் அதே பாட்டரியில் எரிந்தன. செலவு உண்டு, வரவு இல்லை. கடைசியில் கூரைக்குக் கொடுக்கப் பாட்டரியிடம் ஒன்றும் மிஞ்சவில்லை!

இன்னொரு காரணமும் இருந்தது. எல்லோரும் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளையை இருக்கைக்கு மேலே, மடித்து வைத்த கூரையின்மேல் உட்கார வைத்திருந்தார்கள். துணைமாப்பிள்ளையும் பக்கத்தில். இரண்டு ஆள் பாரத்தில் பின் வில் கொஞ்சம் வளைந்துவிட்டது. வளைந்த வில்லைத் தூக்க மோட்டாருக்கு இரட்டிப்பு பலம் வேண்டியிருந்தது.

விஷயம் தெரிந்த டிரைவர் என்றால் என்ன செய்வார்? மாப்பிள்ளையை இருக்கையில் இறக்குவார். எல்லா விளக்குகளையும் அணைப்பார். காரை ஓரமாக நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினைச் சில நிமிடம் சற்று வேகமாக ஓடவிடுவார். பிறகு பொத்தானை இழுப்பார். அப்படியும் வராவிட்டால் இரு பக்கமும் இருவர் நின்று, ஒரே சமயத்தில், அவசரப்படாமல் கைகொடுத்துத் தூக்குவார்கள். மறுநாள் பட்டறையில் வில்லை நிமிர்த்துவார். அடுத்த ஊர்வலத்துக்கு வண்ண விளக்குகளுக்கென்று தனிப் பாட்டரி வைப்பார்.

இவ்வளவும் தெரிந்தால் ஐப்பசி முகூர்த்தத்தையும் பயமில்லாமல் ஒப்புக்கொள்ளலாம். ஆனாலும், மாப்பிள்ளைத் தோழனின் கையில் ஒரு சாதாரணக் குடையும் இருப்பது நல்லது. அதற்குப் பாட்டரி வேண்டாம்!